கல்யாணத்துக்கு நடந்து வந்த பிள்ளையார்

கஞ்சி மாஸ்டர் கண்ணில் பட்டுவிட்டு முழுசாகத் தப்பித்த காகிதம் ஆரணியில் ஒன்றுகூடக் கிடையாது. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். பஸ் டிக்கெட், பீடிக்கட்டு லேபிள், காப்பித்தூள் பொட்டலம், சினிமா நோட்டீஸ், பட்டுப்புடவைக்கு மேல் சுற்றுகிற ரோஸ் தாள், தேர்தலில் ஜெயித்தவர் போஸ்டர், தோற்றவர் போஸ்டர், எல்லாம் அவருக்கு ஒன்றுதான். கத்தரிக்கோலை எடுப்பார், வெட்டுவார், ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஒருமுறை டீக்கடையில் ஒருவர் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். அதன் பின்பக்கத்தில் ஒரு ஒட்டகப் படம். மாஸ்டர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அதை வெட்டி எடுத்துவிட்டார். படித்துக்கொண்டிருந்தவருக்கு, வெளிநாட்டுச் செய்திக்கு நடுவில் ஓட்டை விழுந்து அதன் வழியாக மாஸ்டர் முகம் தெரிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

எழுபதுகளில் எங்கள் நெசவுத் தெருவின் கோடி வீட்டு மாடியறையில் அவர் குடியிருந்தார். முன்பு ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவராம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "வெண்டக்கா வரையச் சொன்னாங்க தம்பி. வருஷா வருஷம் அதே வெண்டக்கா. அது அப்படியே கீது, நான் முத்திப்பூட்டேன்" என்பார். ஜவுளிக் கடைகளுக்கு பைண்டிங் வேலை செய்து கொடுத்துப் பிழைத்தார். மிச்ச நேரமெல்லாம் வெட்டியதை ஒட்டி, ஒட்டியதைத் தைத்து, தானே புத்தகம் செய்துகொண்டிருப்பார். எழுத்து ஒன்றுகூட இல்லாத புத்தகம். இப்போது பட்டணத்தில் இதற்கெல்லாம் ஏதோ பெயர் வைத்துக் கண்ணாடிக்குள் காட்டுகிறார்களாம், டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்களாம், என் மகன் சொன்னான். அப்போது எங்கள் தெருவில் இதற்கு இருந்த பெயர் கிறுக்கு.

கஞ்சி என்ற பட்டம் எங்களால் வந்தது. விடிந்ததும், தறியில் ஏற்றப்போகிற பட்டு நூலை, பாவு என்போம், தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, இழை பிரியாமல் விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி தடவுவோம். நாங்கள் பாவைச் சுருட்டும் நேரம் பார்த்து மாஸ்டர் ஒரு அலுமினியச் சொம்போடு வந்து நிற்பார். மிச்சக் கஞ்சியை வாங்கிக்கொண்டு போய், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுப் பசையாகக் காய்ச்சிக்கொள்வார். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளுக்கு இது தெரியாது. யாரோ பெரியவர் பசியில் கஞ்சி கேட்கிறார் என்று இளகிப்போய், வீட்டுக்குள்ளிருந்து நல்ல கஞ்சியாக ஊற்றி, உப்புப் போட்டு, தொட்டுக்கொள்ள மாவடுவும் வைத்துக் கொடுத்துவிட்டாள். மாஸ்டர் மாவடுவை அங்கேயே நின்று தின்றார். கஞ்சியைக் கொண்டுபோய், காலண்டரில் வெட்டிய பரமசிவன் குடும்பத்தை ஒட்டினார். மறுநாள் வந்து, "உப்பு போட்டா ஒட்டாதும்மா. ஊறுகா மட்டும் குடு" என்றார். அந்தப் பெண் அன்றைக்கு முழித்த முழி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. வருஷம் முடிந்த காலண்டரை என்ன செய்வது? அதில் சாமி இருக்கிறது. கிழிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, அடுப்பில் வைக்க யாருக்கும் கை வராது. கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். உச்சியில் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார், மூலையில் மஞ்சள் இருக்கும். ஆற்றில் விட்டுவிடலாம் என்றால் ஆற்றில் தண்ணீர் வர வேண்டுமே. எல்லா வீட்டுப் பரணிலும் பிள்ளையார்கள் மூச்சுவிட இடமில்லாமல் கிடந்தார்கள். மாஸ்டர் வந்தபிறகு தெருவுக்கே அந்தப் பாரம் இறங்கியது. ஒரே ஒரு நிபந்தனையோடுதான் கொடுப்போம். சாமி மேல் கத்தரி படக்கூடாது.

அவர் அதை எங்களைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். ஒரு விரல், ஒரு தோகை, ஒரு எலியின் வால் அறுபடாது. முருகன் வேலின் நுனியைச் சுற்றி வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார். வெட்டி முடித்ததும், "அவ்ளோதான் சாமி, எறங்குங்க" என்பார், ரிக்ஷாக்காரர் மாதிரி.

வெட்டுவதில் குறை சொல்ல முடியாது. எங்கே கொண்டுபோய் ஒட்டினார் என்பதில்தான் சண்டை வந்தது. 'ஆரணி பஸ் ஸ்டாண்டு' என்று ஒரு புத்தகம் செய்தார். அதில் மகாலட்சுமி கட்டணக் கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றாள். நாரதர் கண்டக்டர். தேவிகாபுரம் பஸ் மேற்கூரையில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில், நான் தினமும் கும்பிடுகிற முருகன் வேலோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

"மயில் எங்கய்யா?" என்று கேட்டேன்.

மாஸ்டர் பசைக் கையை ஜிப்பாவில் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மயில் ஆஸ்பத்திரி வராந்தாவில், காலில் கட்டோடு படுத்திருந்தது. "எத்தினி வருஷமா தூக்கினு திரியுது. அதுக்கு ஒரு நாள் ரெஸ்ட் வாணாவா தம்பி? அதான் சாமியே பஸ்ல போறாரு" என்றார்.

சண்டை போடப் போனவன் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தேன். சிரித்த பாவத்துக்குக் கிருத்திகை அன்று முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

அவர் செய்த அட்டூழியங்களில் பெரியது பக்கத்துத் தெருவில் நடந்தது. ஒரு வீட்டுச் சுவரில் செருகியிருந்த கல்யாணப் பத்திரிகையின் பிள்ளையாரை, அந்த வீட்டு ஆயா அனுமதியோடுதான், வெட்டிக்கொண்டு போனார். பிள்ளையாருக்கு நேர் பின்பக்கத்தில் முகூர்த்த நேரம் அச்சாகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. குடும்பத்தோடு ஜோடித்துக்கொண்டு தெள்ளாருக்குப் போய் இறங்கியபோது, மண்டபத்தில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்த வீட்டுக்காரர் வந்து தெருவில் நின்று கத்தினார். மாஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "நான் முன்பக்கம் மட்டும்தாங்க பாப்பேன்" என்று மரியாதையாகச் சொன்னார்.

அவருடைய புத்தகங்களைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என் தங்கை கஸ்தூரி. நாங்கள் எல்லோரும் எது என்ன படம் என்று கேட்டுக்கொண்டிருப்போம். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். மாஸ்டர் எந்தப் பக்கத்தில் சிரிப்பை வைத்தாரோ அந்தப் பக்கம் வந்ததும் சிரிப்பாள். அதற்காகவே புதுப் புத்தகம் முடிந்ததும் முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் புரட்டும்போது புத்தகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் தப்பான பக்கத்தில் சிரித்துவிட்டால் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்தக் கஸ்தூரிக்குப் பெரணமல்லூரில் சம்பந்தம் கூடியது. எங்கள் அப்பா இல்லாத வீடு. அண்ணனாகிய நான்தான் எல்லாம். மாப்பிள்ளை தங்கமான பையன். ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போவேன். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு மருமகள் உண்டு. இரண்டு மருமகள்களுக்கும் நடுவில் ஒரு நூல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். டம்ளர் அளவிலிருந்து தலையணை உறை வரைக்கும் இந்தச் சட்டம் செல்லும். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதான் வழக்கம். "பொண்ணு வூட்லயே தறி கீது, வெளிய எதுக்கு எடுக்கணும்" என்று சொல்லி என்னிடமே நெய்யச் சொன்னார். மாதிரிக்கு மூத்த மருமகளின் முகூர்த்தப் புடவையை மடியில் வைத்து முந்தானையைப் பிரித்துக் காட்டினார். முந்தானை நிறைய மாங்காய், ஜரிகைக் கோட்டால் வரைந்தது.

"இதுல ஒரு மாங்கா கொறஞ்சாலும், பெரியவ நாளைக்கு என்னை கேப்பா. நான் உங்களை கேப்பேன். அப்பால உங்க தங்கச்சிக்குத்தான் பேஜாரு" என்றார். அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். ஒரு மாங்காயில் ஆரம்பிக்கிற கசப்பு ஒரு பெண்ணின் ஆயுசு முழுக்க நீளும் என்பது எனக்கும் தெரியாததல்ல.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புடவையில் பூ விழுவதற்குத் தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஜக்கார்டு என்பார்கள். துளை போட்ட அட்டைகளைக் கயிற்றில் கோத்து மாலை மாதிரி அதில் மாட்டுவோம். மிதிக்க மிதிக்க ஒவ்வொரு அட்டையாக வந்து நிற்கும். துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், நூல் எழும்பும். துளை இல்லாத இடத்தில் ஊசி முட்டிக்கொண்டு திரும்பும், நூல் எழும்பாது, அங்கே ஜரிகை மேலே படியும். இவ்வளவுதான் சூட்சுமம். புடவையின் உடலுக்கு ஒரு கட்டு அட்டை, முந்தானைக்கு வேறு கட்டு.

நான் உடல் முழுக்க நெய்து முடித்திருந்தேன். முந்தானை மட்டும் பாக்கி. அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்குத் தறியை நிறுத்தித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். சுவரில் இருக்கிறதையெல்லாம் இறக்கி வெள்ளையடிப்போம். சுவரில் இரண்டு கொக்கி. வாசல் பக்கத்துக் கொக்கியில் தேய்ந்துபோன பழைய அட்டைக் கட்டு. உள்பக்கத்துக் கொக்கியில் முந்தானைக்கு வைத்திருந்த மாங்காய்க் கட்டு. பழைய அட்டையைப் புத்தகம் செய்யக் கொடுங்கள் என்று மாஸ்டர் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பூஜை அன்று வந்தவருக்கு என் மனைவி சரோஜா பொரி கடலையோடு வாசல் பக்கத்துக் கொக்கியில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பூஜை கழிந்து, நல்ல நேரம் பார்த்து முந்தானையைத் தொடங்கினேன். மாங்காய் வரவேண்டிய இடத்தில் பழைய கட்டின் ருத்திராட்சக் கோடு வந்தது.

"இன்னாங்க, வாசல் பக்கம் பழசுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் சரோஜா. நான் சொன்னது நிஜம். அவள் கொடுத்ததும் நிஜம். சுவருக்கு வெள்ளையடித்த பிறகு இரண்டு கட்டையும் திரும்ப மாட்டியது யார் என்று திரும்பிப் பார்த்தோம். கல்யாணப் பெண் தாவணி நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நான் செருப்புக்கூடப் போடாமல் கோடி வீட்டுக்கு ஓடினேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும், "உங்களுக்கு எப்பிடி தெரிஞ்சுது? நானே கூப்பிட வரலாம்னு இருந்தேன்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தார். "கஸ்தூரிக்கு என் கல்யாணப் பரிசு. என் ஆயுசுலயே இதான் தம்பி நல்ல புக்கு" என்று சொல்லிவிட்டு, என் மடியில் அந்த மாங்காய்க் கட்டை எடுத்து வைத்தார்.

அட்டைக்கு ஒரு பிள்ளையார். எல்லாம் கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய சின்னப் பிள்ளையார்கள். ஒவ்வொரு அட்டையிலும் அவர் ஒரு நெல் அளவு தள்ளி ஒட்டப்பட்டிருந்தார். மாஸ்டர் கட்டைவிரலால் அட்டைகளைச் சடசடவென்று தள்ளினார். பிள்ளையார் நடந்தார். இடது ஓரத்தில் புறப்பட்டு, ஆடி அசைந்து, நடுவில் கொஞ்சம் யோசித்து நின்று, பின்னால் வந்து, மறுபடி கிளம்பி, வலது ஓரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். "பெரணமல்லூர் கல்யாணத்துக்குப் போறாரு" என்றார் மாஸ்டர்.

நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய், இன்னொரு தரம் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் காட்டினார். சிரித்தேன். பிறகு ஞாபகம் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பிள்ளையார் உட்கார்ந்த இடத்திலெல்லாம் துளைகள் அடைபட்டிருந்தன.

விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. அட்டையில் துளை போட்டுக் கொடுப்பவரைத் தேடிப் போனோம். அவர் புரட்டாசி வேண்டுதலுக்குத் திருப்பதிக்கு நடந்தே போயிருந்தார். எப்போது வருவார் என்று கேட்டால், திரும்பி வருவதும் நடந்துதான் என்றார்கள். கல்யாணமோ ஐப்பசி பிறந்தவுடன்.

சரோஜா ஒரு வழி சொன்னாள். இட்லிப் பானை ஆவியில் காட்டினால் ஒட்டியது உரிந்து வரும் என்றாள். ஒரு அட்டையைக் காட்டினாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று, "வராதும்மா, நம்ம கஞ்சி அப்பிடி" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வந்தது. உடனே அதற்கு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளையார் அசையவில்லை. அட்டைதான் அப்பளம் மாதிரி உப்பியது. சரோஜா பானையை இறக்கிவிட்டாள்.

மிஞ்சியது ஒரே வழி. அடைபட்ட துளைகளை ஆணியால் திரும்பக் குத்தித் திறக்க வேண்டும். குத்துவது என்றால் பிள்ளையாரைக் குத்துவது. நான் ஆணியை எடுத்தேன், வைத்தேன். முதல் அட்டையில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அது உங்க பொருள். நான் தடுக்க மாட்டேன்" என்றார் மாஸ்டர். "ஆனா என் கையால ஒட்டுன சாமியை ஆணியால குத்துனா, அப்பால நான் கத்தரியைத் தொட மாட்டேன்." கத்தரிக்கோலை ஜிப்பாப் பையிலிருந்து எடுத்து ஆணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

எங்களுக்குத் தீராத விஷயம் கோயிலுக்குத்தான் போகும். குருக்களிடம் கேட்டேன். அவர் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பிரியப்படவில்லை. "பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றார். சிவப்புப் பூ வந்தால் குத்தலாம், வெள்ளைப் பூ வந்தால் கூடாது. இரண்டு பொட்டலம் கட்டிச் சன்னிதியில் வைத்தார். கல்யாணப் பெண்ணே எடுக்கட்டும் என்றார். கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். அவள் வாழ்க்கையே அந்தப் பொட்டலத்தில் இருப்பது மாதிரி நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பிரித்தால் நந்தியாவட்டை. வெள்ளை.

உத்தரவு வந்துவிட்டது. ஆகவே குத்துவதற்கில்லை. பிள்ளையாரோடு சேர்த்து அப்படியே தறியில் ஏற்ற வேண்டியதுதான். வருவது வரட்டும்.

ஏற்றும்போது எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. துளை இல்லாத இடத்தில் ஊசி வந்து முட்டுமே, அது பிள்ளையார் வயிற்றில் குத்துவது ஆகாதா என்று கேட்டேன். மாஸ்டர் பெட்டிக்கு அடியில் தலையை விட்டு வெகு நேரம் பார்த்தார். "குத்தல தம்பி. ஊசி வருது, இவரு போய்யான்னு தள்றாரு, அது போயிடுது. ஜம்முனு கீறாரு" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மிதித்தேன். மாங்காய்கள் ஒழுங்காக விழுந்துகொண்டு வந்தன. அவற்றுக்கு நடுவில், இடது ஓரத்தில் ஒரு தங்கக் கோடு முளைத்தது. பிள்ளையார் அட்டைக்கு அட்டை நகர நகர, கோடும் நகர்ந்தது. வளைந்து, ஓரிடத்தில் நின்று சுற்றி, பின்னால் வந்து, மறுபடி கிளம்பியது. வழியில் இருந்த மாங்காய்களை எல்லாம் நடுவில் வெட்டிக்கொண்டு போயிற்று. மாஸ்டர், நான் உட்கார்ந்து மிதிக்கிற தறிக்குழிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி அவருக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பெட்டியில் ஒவ்வொரு அட்டையாகத் திரும்புவதையும் கீழே கோடு வளர்வதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் சன்னமாகச் சொன்னார்: "கஸ்தூரி, தறி என் புக்கைப் படிக்குது பாரு."

கோடு பின்னால் திரும்புகிற இடத்தில் கஸ்தூரி சிரித்தாள். அது சரியான பக்கம் போலிருக்கிறது. மாஸ்டர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி மாங்காய்களை எண்ணத் தைரியமில்லாமல் புடவையை மடித்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மா அழகு கேட்கவில்லையே, ஒரே மாதிரி அல்லவா கேட்டார்.

புடவையைக் கொடுக்கப் பெரணமல்லூர் பஸ் ஏறினேன். மாஸ்டரும் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று கெஞ்சினேன். "என் பிள்ளையாரு பண்ண வேலை, நான் வராம எப்பிடி" என்றார். வழியெல்லாம் நான் கந்த சஷ்டி விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டு வந்தேன். அவர் முன் சீட்டுக்காரரின் மடியிலிருந்த நோட்டீஸையே பார்த்துக்கொண்டு வந்தார். கத்தரிக்கோலை நான் முன்கூட்டியே பிடுங்கி வைத்திருந்தேன்.

அந்த அம்மா கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் புடவையைப் பிரித்தார். உடலைத் தடவிப் பார்த்தார், திருப்தி. முந்தானையைப் பிரித்தார். மூத்த மருமகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மா குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தார்.

"மாங்கா பாதி பாதியா கீது" என்றார். "யார் கடிச்சது?"

மாஸ்டர் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பிள்ளையாருங்க."

"யாரு?"

"பிள்ளையாருங்கம்மா. உங்க வூட்டு கல்யாணத்துக்கு ஆரணிலருந்து நடந்தே வந்துகினு இருந்தாரு. வழில மாந்தோப்பு. அவரு சும்மா வருவாருங்களா? தோ, இங்க பொறப்பட்டாரு. இங்க நின்னாரு. ஐயையோ, ஒண்ணை வுட்டுட்டமேன்னு திரும்பி வந்தாரு பாருங்க இங்க." பேசிக்கொண்டே அவர் வயிற்றைத் தள்ளி, ஒரு கையைத் தும்பிக்கை மாதிரி மூக்குக்கு முன்னால் தொங்கவிட்டு, அந்தக் கூடத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் அசைந்து அசைந்து நடந்தார். நடுவில் நின்று யோசித்தார். பின்னால் வந்தார். கீழே கிடந்த எதையோ தும்பிக்கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். முருகனைக் கும்பிடுகிற வீட்டில் கடைசியில் மாங்காய் பிள்ளையாருக்குத்தான் போயிற்று என்று மனசுக்குள் ஓடியது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மூத்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல் சிரித்தாள். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. பாயில் உட்கார்ந்து, தங்கக் கோட்டின் மேல் விரலை வைத்து, புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடம் வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். விரல் ஓரத்துக்கு வந்ததும் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சரி" என்றார். "இதே மாதிரி பெரியவளுக்கும் ஒண்ணு போட்டுடுங்க. வித்தியாசம் ஆவாது எனக்கு."

எனக்குப் போன உயிர் வந்தது. திரும்பும் பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் பேசினேன். மாஸ்டர் பசை காய்ந்த விரல் நகங்களைச் சுரண்டிக்கொண்டே வந்தார். ஆரணி நெருங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய மருமகளுக்கும் அதே முந்தானை என்றால் அந்த அட்டைக் கட்டு தறியிலேயே இருக்க வேண்டும். கஸ்தூரிக்கு அவர் கொடுக்க நினைத்த புத்தகம், அவர் ஆயுசிலேயே நல்ல புத்தகம், இனி அவர் கைக்கு வராது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். "வுடுங்க தம்பி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு. அந்த முந்தானையைப் பார்த்த பெரணமல்லூர்ச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பிள்ளையார் நடந்த புடவை வேண்டும் என்றாகிவிட்டது. ஊசி முட்டி முட்டி அட்டை நைந்து, அந்தக் கட்டு இனி ஓடாது என்று ஆகும்வரை தறியை விட்டு இறங்கவேயில்லை. பூக்கட்டிப் பார்த்த குருக்கள் கல்யாணத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டே ஒரு உண்மையையும் சொன்னார். அன்றைக்குக் கோயிலில் சிவப்பு அரளி பூக்கவில்லையாம். இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டைதான் கட்டினாராம். அவர் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அரளியைப் பூக்கவிடாமல் நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து, சொந்தக்காரர்கள் வரிசையாக மேடை ஏறிப் பரிசு கொடுத்தார்கள். குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம், சுவர்க் கடிகாரம். மாஸ்டரைக் காணவில்லை. தேடிப் போனால், மண்டபத்துக்குப் பின்னால் சமையல்கட்டு ஓரமாக, துவைத்த ஜிப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். வாங்க மாஸ்டர், ஆசீர்வாதம் பண்ணுங்க என்றேன். வரமாட்டேன் என்றார். கையை விரித்துக் காட்டினார்.

"ஒண்ணும் இல்லாம எப்பிடி தம்பி ஏர்றது?"

கஸ்தூரி எப்படித்தான் கவனித்தாளோ, மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் வந்துவிட்டாள். பெரணமல்லூர் அம்மா பின்னாலேயே என்ன ஏது என்று வந்தார். கஸ்தூரி மாலையும் கழுத்துமாக அடுப்புப் புகையில் நின்று, முந்தானையைத் தோளிலிருந்து முன்னால் இழுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"நீங்க குடுத்ததைத்தானே மாஸ்டர் கட்டிகினு கீறேன்" என்றாள்.

இரண்டு பேரும் அவர் காலில் விழுந்தார்கள். மாஸ்டர் கையைத் தூக்கினார், அது பாதியில் நின்றது. அப்புறம் அவள் தலையில் வைத்தார்.

முதல் பந்தியில் அவரை மாப்பிள்ளைக்கு அடுத்த இலையில் உட்காரவைத்து நானே பரிமாறினேன். சாப்பிட்டு அவர் எழுந்துபோன பிறகு, இலை எடுக்கிற ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அந்த எச்சில் இலையை நானே எடுத்தேன்.